ஆர்ம் பில்ட் நடுவுல கியூஎமு செக்ஃபால்ட்: ஜே1 போட்டா வரல, ரெண்டாவது தடவை வரல, பிரின்ட்எஃப் போட்டா வரல

நள்ளிரவு_பில்ட்:
வணக்கம் மக்களே, நாலு நாளா மண்டை காயுது, இனிமே தனியா முடியாதுன்னு இங்க வந்துட்டேன். டார்கெட் 32 பிட் ஆர்ம்வி7, ஹார்டு ஃப்ளோட், சி லைப்ரரி ஜிலிப்சி. பில்ட் மெஷின் சாதாரண எக்ஸ்86 64 பிட் லினக்ஸ். எங்க பில்ட்ல ஒரு சின்ன டூல் இருக்கு, கான்ஃபிக் ஃபைல் எல்லாத்தையும் சேர்த்து ஒரே பைனரியா கட்டிக் குடுக்கும். அதை ஆர்முக்கே கம்பைல் பண்ணி, பில்ட் நடக்கும்போதே கியூஎமு யூசர் மோடுல (ஆர்ம் பைனரியை எக்ஸ்86-லயே ஓட்டற எமுலேட்டர்) ஓட்டி அவுட்புட் எடுக்கறோம். ஏன் ஹோஸ்ட்லயே ஓட்டலன்னு கேக்காதீங்க, எனக்கு முன்னாடி இருந்தவங்க அப்படித்தான் வெச்சிருக்காங்க.

போன வாரம் டூல்செயினை (கம்பைலர், லிங்கர் செட்) புதுசுக்கு மாத்தினோம். அன்னிலேர்ந்து கிளீன் பில்ட் அடிச்சா சில தடவை "அன்காட் டார்கெட் சிக்னல் 11, செக்மென்டேஷன் ஃபால்ட்"னு கியூஎமு சொல்லிட்டு செத்துடுது, அதாவது டூல் தொடக் கூடாத மெமரியைத் தொட்டுடுது. கடுப்பேத்துற விஷயம் என்னன்னா உடனே திரும்ப மேக் அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடி முடிஞ்சுடும். மேக்குக்கு ஜே8 (ஒரே நேரத்துல எட்டு ஜாப்) போட்டா வரும், ஜே1 (ஒண்ணு ஒண்ணா) போட்டா வரவே வராது. கம்பைலர் ஆப்டிமைசேஷன் ஓ2-ல வரும், அது இல்லாத ஓ0-ல வராது. எங்க சாகுதுன்னு பாக்க பிரின்ட்எஃப் ரெண்டு போட்டேன், அத்தோட கிராஷே காணாம போச்சு, எடுத்தா திரும்ப வந்துடுச்சு. அதே சோர்ஸை ஹோஸ்டுக்கு கம்பைல் பண்ணி, மெமரி தப்பைப் பிடிக்கிற வால்கிரைண்ட்ல ஓட்டினேன், ஒரு எரர் கூட இல்ல. இது கியூஎமு பக் தானே? யாராவது ஆமான்னு சொல்லுங்க, நான் போய் தூங்கறேன்.

ஆர்ம்வாசி:
டூல்செயின் மாத்தினதும் வந்துச்சுன்னா முதல்ல ஃப்ளோட் ஏபிஐ (ஃபங்ஷனுக்கு ஃப்ளோட்டை எப்படி அனுப்பறதுங்கற ஒப்பந்தம்) பாருங்க பாஸ். டூல், அது லிங்க் பண்ற லைப்ரரி, எல்லாத்துக்கும் ரீட்எல்ஃப்ல பெரிய ஏ ஆப்ஷன் போட்டா "விஎஃப்பி ஆர்க்ஸ்"னு ஒரு வரி வரும். ஒண்ணுல விஎஃப்பி ரெஜிஸ்டர்ஸ்னு இருந்து இன்னொண்ணுல அந்த வரியே இல்லன்னா சாஃப்டும் ஹார்டும் கலந்திருக்கு. அப்புறம் ஜே8-ல மட்டும் வருதுன்னா ரேம் பத்தாம கூட இருக்கலாம்.

சால்டர்புகை:
ரேம் இல்ல. மெமரி பத்தலன்னா கர்னல் அனுப்பறது சிக்னல் 9, இவருக்கு வர்றது 11. பிரின்ட்எஃப் போட்டா காணாம போற கிராஷ்னா பத்துக்கு ஒம்போது மெமரி கரப்ஷன் தான், கியூஎமு மேல பழி போடறதுக்கு முன்னாடி அதே பைனரியை போர்டுல ஓட்டிப் பாருங்க. அங்கயும் செத்தா கியூஎமு நிரபராதி.

மேக்ஃபைல்_அடிமை:
சி-யோட சார் (char) டைப்பை செக் பண்ணீங்களா? எக்ஸ்86-ல வெறும் சார்னா சைன்டு (மைனஸும் வரும்), ஆர்ம் லினக்ஸ்ல அன்சைன்டு. நான் ஒரு தடவை, ஆப்ஷன் தீர்ந்தா -1 தர்ற கெட்ஆப்டோட ரிட்டர்ன் வேல்யூவை சார்ல வாங்கி வெச்சுட்டு -1 எப்ப வரும் எப்ப வரும்னு முழு மத்தியானமும் உக்காந்திருந்தேன், அது 255-ஆ மாறி லூப் ஓடிக்கிட்டே இருந்துச்சு. உங்களுது கிராஷ், என்னுது ஹேங், இருந்தாலும் ஹோஸ்ட்ல ஓடுது டார்கெட்ல ஓடலன்னா நான் முதல்ல அங்கதான் போவேன்.

நள்ளிரவு_பில்ட்:
ஃப்ளோட் ஏபிஐ பாத்துட்டேன், எல்லாத்துலயும் விஎஃப்பி ரெஜிஸ்டர்ஸ் தான். சைன்டு சார் ஃப்ளாக் போட்டும் பாத்தேன், மாற்றம் இல்ல. போர்டுல அதே பைனரியை காப்பி பண்ணி லூப்ல 50 தடவை ஓட்டினேன், ஒரு தடவை கூட சாகல. அப்போ கியூஎமு தான் குற்றவாளின்னு தீர்ப்பு எழுதிடலாமா?

பிட்டுக்குப்பிட்டு:
கொஞ்சம் பொறுங்க, தீர்ப்பை அப்புறம் எழுதலாம். போர்டுல ஓட்டும்போது அவுட்புட் டைரக்டரி ஏற்கெனவே இருந்துச்சா இல்லையா? கேக்கறதுக்கு காரணம் இருக்கு. கிளீன் பில்ட்ல மட்டும் வருது, ரெண்டாவது தடவை வரல, ஜே1-ல வரல. இந்த மூணும் சேர்ந்தா எனக்கு தோணுறது டூலோட லாஜிக்ல "ஃபைல் இல்லன்னா இந்தப் பக்கம் போ"ன்னு ஒரு கிளை இருக்கு, அந்தக் கிளைக்குள்ள போனா தான் சாகுது. பேரலல் பில்ட்ல வேற ஏதோ ஜாப் முந்திக்கிட்டு அந்த டைரக்டரியை உருவாக்கிட்டா நீங்க தப்பிச்சீங்க. டைரக்டரியை அழிச்சுட்டு டூலை மட்டும் தனியா, மேக் இல்லாம, கையால ஓட்டுங்க. எத்தனைக்கு எத்தனை சாகுதுன்னு சொல்லுங்க.

நள்ளிரவு_பில்ட்:
தல, 20-க்கு 20!!! டைரக்டரி இல்லன்னா ஒவ்வொரு தடவையும் சாகுது. போர்டுலயும் அதே. போர்டோட ரூட்எஃப்எஸ்லயே (அதோட ஃபைல் சிஸ்டம்) அந்த டைரக்டரி இருந்திருக்கு, அதனாலதான் 50 தடவையும் நல்ல பிள்ளையா ஓடியிருக்கு. நாலு நாளா ரேண்டம் ரேண்டம்னு புலம்பிட்டு இருந்தேன், ரேண்டமே இல்ல.

கோடைப் பாத்தேன். டைரக்டரி இல்லன்னா ஒரு வார்னிங் லாக் பண்ணிட்டு அப்புறம் உருவாக்கும், அவ்வளவுதான். ஜே1-ல காப்பி பண்ற ஜாப் முன்னாடியே ஓடி டைரக்டரியை உருவாக்கிடுது, ஜே8-ல யார் முந்தறாங்கன்னு ரேஸ்.

சால்டர்புகை:
சூப்பர், பக்கை எப்ப கூப்பிட்டாலும் வரவெச்சுட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. இப்போ கியூஎமுவை ஜி ஆப்ஷனோட ஒரு போர்ட் நம்பர் குடுத்து ஓட்டுங்க, அது முதல் இன்ஸ்ட்ரக்ஷன்லயே நின்னு காத்திருக்கும். இன்னொரு டெர்மினல்ல டீபக்கர் ஜிடிபி மல்டிஆர்க் திறந்து, சிஸ்ரூட் (ஆர்ம் லைப்ரரிகள் இருக்கற டைரக்டரி) செட் பண்ணி, டார்கெட் ரிமோட்ல அந்த போர்ட்டுக்கு கனெக்ட் பண்ணுங்க. சிஸ்ரூட் செட் பண்ண மறந்தீங்கன்னா ஹோஸ்டோட லைப்ரரியைப் பாத்து உளறும். செத்த இடத்துல பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுச்சுங்கற பட்டியல்), ரெஜிஸ்டர்கள் ரெண்டையும் போடுங்க.

நள்ளிரவு_பில்ட்:
போட்டேன். பேக்ட்ரேஸ் சுத்தமா இருக்கு, மெயின்லேர்ந்து பேக்ஆல்னு ஒரு ஃபங்ஷன், அங்கதான் சாகுது, கான்டெக்ஸ்ட் பாயின்டர்லேர்ந்து ஒரு ஃபீல்டைப் படிக்கிற வரி. அந்த வரில ஒரு தப்பும் இல்ல, அதுக்கு பத்து வரி முன்னாடி அதே பாயின்டரை படிச்சு ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. அசெம்ப்ளில பாத்தா அந்த பாயின்டர் ஆர்4 ரெஜிஸ்டர்ல இருக்கு. மூணு தடவை ஓட்டினேன், ஆர்4 ஹெக்ஸ்ல இப்படி வந்துச்சு:

12830514
30172968
05749120

ஒவ்வொரு தடவையும் வேற வேற குப்பை. ஆர்5 மட்டும் மூணு தடவையும் 0.

ஆர்ம்வாசி:
பேக்ட்ரேஸ் சுத்தமா இருக்குன்னா ஸ்டேக் அடி வாங்கல. பாயின்டரை எங்கயோ இனிஷியலைஸ் பண்ணாம விட்டிருக்கீங்க, வேற ஒண்ணும் இல்ல.

பிட்டுக்குப்பிட்டு:
அப்படி சொல்லிட முடியாது ஆர்ம்வாசி. பத்து வரி முன்னாடி நல்லா இருந்த பாயின்டர் நடுவுல எப்படி இனிஷியலைஸ் ஆகாம போகும்? ஆர்ம்ல ஆர்4லேர்ந்து ஆர்11 வரைக்கும் கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் தான் காப்பாத்திக் குடுக்கணும், உள்ள வந்ததும் ஸ்டேக்ல புஷ் பண்ணி, போகும்போது பாப் பண்ணும். அப்போ நடுவுல கூப்பிட்ட ஒரு ஃபங்ஷன் ஆர்4-ஐ கெடுத்துத் திருப்பிக் குடுத்திருக்கு. ரிட்டர்ன் அட்ரஸ் வெச்சிருக்கற இடம் ஸ்டேக்ல அதுக்கு ஒண்ணு ரெண்டு ஸ்லாட் மேல இருக்கும், அதுவரைக்கும் அடி போகலன்னா பேக்ட்ரேஸ் பளிச்சுன்னு தான் தெரியும். அடி விழுந்த வீடு ஒண்ணு, அழுகை கேக்கற வீடு இன்னொண்ணு.

நள்ளிரவு, அந்த பத்து வரியையும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போய், ஒவ்வொரு அடிக்கும் ஆர்4-ஐ பிரின்ட் பண்ணுங்க. எந்த கால் தாண்டினதும் மாறுதுன்னு தெரிஞ்சிடும். அந்த ஃபங்ஷனோட ஆரம்பத்தையும் டிஸ்அசெம்பிள் பண்ணிப் போடுங்க. அப்புறம் அந்த மூணு நம்பரை நான் சும்மா டெசிமலுக்கு மாத்திப் பாத்தேன், ஒரு சந்தேகம் இருக்கு, இப்ப சொல்ல மாட்டேன், தப்பா இருந்தா மானம் போயிடும்.

நள்ளிரவு_பில்ட்:
வார்னிங் போடற ஃபங்ஷன் தாங்க! அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆர்4 நல்ல பாயின்டர், வெளில வந்ததும் குப்பை. ஃபங்ஷன் ரொம்ப சின்னது, செகண்டும் நானோசெகண்டும் இருக்கற ஒரு டைம்ஸ்பெக் ஸ்ட்ரக்ட் லோக்கலா வெச்சுக்கிட்டு எங்க லாக் லைப்ரரில இருக்கற லாக்நவ்-க்கு அதோட அட்ரஸை அனுப்பி நேரத்தை வாங்கி பிரின்ட் பண்ணுது. அசெம்ப்ளில ஆரம்பம் இப்படி: ஆர்4, ஆர்5, ஆர்6, எல்ஆர் (ரிட்டர்ன் அட்ரஸ்) நாலையும் புஷ், அப்புறம் ஸ்டேக் பாயின்டர்லேர்ந்து 8 கழிச்சல், அப்புறம் ஸ்டேக் பாயின்டரையே ஆர்0-ல போட்டு லாக்நவ்-க்கு தாவல். பஃபர் இல்ல, அரே இல்ல, ஸ்ட்ரிங் காப்பி இல்ல. இதுல எது ஓவர்ஃப்ளோ ஆகும்?

பிட்டுக்குப்பிட்டு:
ஆ, மானம் தப்பிச்சுது. உங்க மூணு நம்பரையும் டெசிமல்ல பாருங்க:

310576404
806824296
91525408

முப்பத்தொரு கோடி, எண்பது கோடி, ஒம்போது கோடி. குப்பைன்னா சில நேரம் 300 கோடி 400 கோடின்னும் வரணும், ஆனா எல்லாமே 100 கோடிக்குள்ள. ஒரு செகண்டுல எத்தனை நானோசெகண்ட்? 100 கோடி. உங்க ஆர்4-ல வந்து உக்காந்திருக்கறது கடிகாரத்தோட நானோசெகண்ட்.

இப்போ கணக்கு பாருங்க. உங்க டூல் டைம்ஸ்பெக்குக்கு 8 பைட் தான் ஒதுக்கியிருக்கு, 4 செகண்டுக்கு 4 நானோவுக்கு. லைப்ரரி 16 பைட் எழுதுதுன்னு வெச்சுக்கோங்க, 64 பிட் டைம். முதல் 4 பைட் செகண்டோட கீழ்ப்பாதி, அது சரியான இடத்துல விழும். அடுத்த 4 செகண்டோட மேல்பாதி, அது 0, நீங்க நானோன்னு நினைக்கிற இடத்துல விழும். அத்தோட உங்க 8 பைட் முடிஞ்சுது. அடுத்த 4 பைட், நிஜ நானோசெகண்ட், புஷ் பண்ணி வெச்ச ஆர்4 மேல விழும். கர்னல் நானோவையும் 64 பிட்டா தான் எழுதும், அதோட மேல்பாதி 0, அது ஆர்5 மேல விழும். ஆர்5 மூணு தடவையும் 0-ன்னு நீங்களே சொன்னீங்க! ஆர்6-உம் எல்ஆரும் தப்பிச்சுது, அதான் ரிட்டர்ன் ஒழுங்கா நடந்து பேக்ட்ரேஸ் அழகா வந்துச்சு.

ரெண்டு விஷயம் சரிபாருங்க. டூல், லைப்ரரி ரெண்டோட ஆப்ஜெக்ட் ஃபைல்லயும், ஸ்ட்ரக்ட் சைஸ் காட்டற பாஹோல் ஓட்டி டைம்ஸ்பெக் சைஸ் என்னன்னு பாருங்க. ரெண்டாவது, கிராஷுக்கு முன்னாடி வர்ற அந்த வார்னிங் லைன்ல நேரம் எப்படி பிரின்ட் ஆகியிருக்கு? புள்ளிக்கு அப்புறம் ஒம்போது பூஜ்யம் இருக்கணும்.

நள்ளிரவு_பில்ட்:
உடம்பு புல்லரிக்குது. டூல்ல 8, லைப்ரரில 16. லாக்ல புள்ளிக்கு அப்புறம் 000000000, எல்லா கிராஷுக்கும். ஒரு வாரமா அந்த பூஜ்யங்களை கண்ணாலேயே பாத்துக்கிட்டு இருந்தேன், ஏதோ ரவுண்டு பண்ணுதுன்னு நினைச்சு விட்டுட்டேன். லைப்ரரில என்எம் (சிம்பல் பட்டியல் காட்டற டூல்) அடிச்சா அது தேடற சிம்பல் பேரு வெறும் கிளாக் கெட்டைம் இல்ல, கடைசில 64 ஒட்டின பேரு.

மேக்ஃபைல்_அடிமை:
அப்போ உங்க மேக்ஃபைல்ல சிஃப்ளாக்ஸ் (கம்பைலருக்குப் போற ஆப்ஷன்கள்) எப்படி எழுதியிருக்குன்னு நான் பந்தயம் கட்டறேன். வெறும் = தானே? புது டூல்செயின் என்விரான்மென்ட்ல டைம்_பிட்ஸ்=64, ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64 ரெண்டும் சிஃப்ளாக்ஸ்ல வந்திருக்கும். லைப்ரரியைக் கட்டறது சிமேக், அது என்விரான்மென்டை மதிச்சு எடுத்துக்கிச்சு. டூலோட மேக்ஃபைல்ல உள்ள = போட்டா என்விரான்மென்ட்ல இருந்ததை தூக்கிப் போட்டுட்டு தன்னோடதை மட்டும் வெச்சுக்கும், மேக் வழக்கமா அப்படித்தான், கமாண்ட் லைன்ல குடுத்தா மதிக்கும்.

நள்ளிரவு_பில்ட்:
பந்தயம் ஜெயிச்சீங்க. = தான். யார் எழுதினான்னு கிட் பிளேம் போட்டேன். நான்தான்.

ஆர்ம்வாசி:
சரி நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு கேள்வி, ஃப்ளோட் ஏபிஐ மாறினா லிங்கர் கத்துதே, இதுக்கு ஏன் ஒரு வார்த்தை கூட பேசல?

பிட்டுக்குப்பிட்டு:
ஃப்ளோட் ஏபிஐ ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைல்லயும் குறிப்பா எழுதியிருக்கும், நீங்க ரீட்எல்ஃப்ல பாக்க சொன்னது அதைத்தான், லிங்கர் அதை ஒப்பிட்டுப் பாக்கும். நேரத்துக்கான டைப் டைம்_டி எத்தனை பைட்னு எங்கயும் எழுதறதில்ல. சி-ல சிம்பல் பேர்ல டைப்பே கிடையாது, லாக்நவ்னு ஒருத்தர் கேட்டார், லாக்நவ்னு ஒருத்தர் வெச்சிருந்தார், கல்யாணம் முடிஞ்சுது, ஜாதகம் யாரும் பாக்கல. ஜிலிப்சியோட சொந்த ஃபங்ஷன்களுக்கு பிரச்சினை இல்ல, ஹெடரே பேரை மாத்தி விட்டுடும், அந்த 64 ஒட்டின பேரு அதுதான். மாட்டிக்கறது நடுவுல இருக்கற நம்மளோட லைப்ரரிகள் தான்.

ஹோஸ்ட்ல ஏன் வரலன்னா 64 பிட் லினக்ஸ்ல டைம்_டி எப்பவுமே 8 பைட், ஃப்ளாக் இருந்தாலும் இல்லன்னாலும் ஒண்ணுதான். வால்கிரைண்டை ஹோஸ்ட்ல எத்தனை நாள் ஓட்டினாலும் சுத்தம்னு தான் சொல்லும்.

சால்டர்புகை:
வால்கிரைண்டை ஆர்ம்லயே ஓட்டியிருந்தாலும் பெருசா பிரயோஜனம் இல்ல, லைவா இருக்கற ஸ்டேக் ஃப்ரேமுக்குள்ள பக்கத்து ஸ்லாட்டை மிதிச்சா அதோட மெம்செக் கண்டுக்காது. இதைப் பிடிக்கறது கம்பைலரோட ஸ்டேக் புரொடெக்டர், அதுலயும் ஸ்ட்ராங் வகை. சாதா வகை சார் அரே இருக்கற ஃபங்ஷனை தான் காவல் காக்கும், ஸ்ட்ராங் போட்டா லோக்கலோட அட்ரஸை வெளிய அனுப்பற ஃபங்ஷனுக்கும் கானரி (கெட்டுச்சான்னு திரும்பும்போது பாக்கற காவல் மதிப்பு) வெக்கும், உங்க கேஸ் அச்சு அசல் அதுதான். அதோட கம்பைல் பண்ணி ஓட்டுங்க, கிராஷ் பேக்ஆல்ல வராது, வார்னிங் ஃபங்ஷன் முடியற இடத்துலயே "ஸ்டேக் ஸ்மாஷிங் டிடெக்டட்"னு வரும்.

நள்ளிரவு_பில்ட்:
வந்துச்சு, அதே இடத்துல. முதல் நாளே இதைப் போட்டிருந்தா அரை மணி நேர வேலை 😭

ஓ0-ல ஏன் வரலன்னும் பாத்துட்டேன், அங்க டைம்ஸ்பெக்குக்கும் சேவ் பண்ண ரெஜிஸ்டருக்கும் நடுவுல வேற லோக்கல் வேரியபிள் ரெண்டு வந்து உக்காந்துடுது, அடி அதுங்க மேல விழுந்துடுது, அதுக்கு அப்புறம் அதுங்களை யாரும் படிக்கறதில்ல. பிரின்ட்எஃப் போட்டப்பவும் ஃப்ரேம் இதே மாதிரி மாறியிருக்கு.

ஓரமா_ஒருத்தன்:
இதுவரைக்கும் ஓரமா படிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு சந்தேகம், இவ்வளவு தலைவலிக்கு லைப்ரரிலேர்ந்து அந்த 64 ஃப்ளாகை எடுத்துட்டா போச்சே? பழைய டூல்செயின்ல அது இல்லாம தானே இத்தனை வருஷம் ஓடுச்சு?

ஆர்ம்வாசி:
நானும் அதான் சொல்ல வந்தேன், ரிலீஸ் பக்கத்துல இருந்தா இப்போதைக்கு எடுத்துடுங்க.

சால்டர்புகை:
எடுக்காதீங்க. 32 பிட் சைன்டு டைம் 2038 ஜனவரி 19, யுடிசி 03:14:07-ஓட முடிஞ்சுது, அடுத்த செகண்டு 1901-க்கு போயிடும். போர்டு மாட்டினா பத்து பதினஞ்சு வருஷம் கழட்டாத சாதனங்கள் தானே நம்ம பண்றது, இன்னிக்கு வெளில போற யூனிட் 2038-ல உயிரோட இருக்கும். இதுக்காக எல்லாரும் வேலை பாத்து முடிச்சாச்சு, கர்னல் 2019-ல 5.1-லயே 32 பிட்டுக்கு 64 பிட் டைம் சிஸ்டம் கால்களை சேர்த்துடுச்சு, இன்னொரு சி லைப்ரரியான மசல் 2020-ல 1.2.0-ல டைம்_டியையே 64 ஆக்கிடுச்சு, சாய்ஸே குடுக்கல. ஜிலிப்சி தான் 2021-ல 2.34-ல ஃப்ளாகா குடுத்து முடிவை நம்ம தலைல கட்டிடுச்சு. டெபியன் 2024-ல 32 பிட் ஆர்முக்கு மாறும்போது ஏகப்பட்ட லைப்ரரி பேக்கேஜ் பேர்ல டி64-னு ஒட்டினது எதுக்குன்னு நினைக்கறீங்க, இந்த மாதிரி பழசும் புதுசும் கலந்துடக் கூடாதுன்னு தான்.

பிட்டுக்குப்பிட்டு:
அதே தான் என் கருத்தும். பாதி மாத்தறது தான் விஷம், முழுசா மாத்துங்க. மேக்ஃபைல்ல = இருக்கற இடத்தை எல்லாம் += பண்ணுங்க. அதோட லாக் லைப்ரரியோட பப்ளிக் ஹெடர்ல ஒரு ஸ்டாட்டிக் அசர்ட், டைம்_டி சைஸ் 8 இல்லன்னா கம்பைலே ஆகக் கூடாது. ஒரே வரி. அந்த ஹெடரை யார் இன்க்ளூட் பண்ணாலும் அவங்க ஃப்ளாக் தப்பா இருந்தா அங்கயே நிக்கும். ஃபைல் ஆஃப்செட் டைப் ஆஃப்_டிக்கும் ஒண்ணு போட்டு வைங்க, ஃபைல் சைஸ் ஸ்ட்ரக்ட்லயும் இதே கூத்து நடக்கும்.

நள்ளிரவு_பில்ட்:
அப்டேட்: += பண்ணி, டைரக்டரிக்கு ஒழுங்கான டிபென்டென்சி எழுதி, அசர்ட் ரெண்டையும் போட்டு, கிளீன் பில்ட் ஜே8-ல 100 தடவை ஓட விட்டுட்டு தூங்கப் போயிட்டேன். காலைல பாத்தா ஒரு கிராஷ் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி அசர்ட் இன்னும் ரெண்டு இடத்துல கத்துச்சு. ஒண்ணு அப்டேட் டீமனோட மேக்ஃபைல், அதுலயும் = தான், அது இதுவரைக்கும் எப்படி சாகாம இருந்துச்சுன்னே தெரியல. இன்னொண்ணு தான் சிக்கல், சென்சார் லைப்ரரியைக் கூப்பிடற எங்க கோடு. சென்சார் குடுத்தவங்க சோர்ஸ் இல்லாம வெறும் எஸ்ஓ ஃபைலா ஒரு லைப்ரரி குடுத்திருக்காங்க, அதோட கால்பேக்ல டைம்வேல் ஸ்ட்ரக்ட் வருது, அது 32 பிட் டைம்ல கட்டினது. திரும்ப கட்டிக் குடுங்கன்னு மெயில் போட்டா இன்னும் பதில் வரல. இதுக்கு என்ன பண்றது?

பிட்டுக்குப்பிட்டு:
நடுவுல ஒரு சின்ன சி ஃபைல் வைங்க. அந்த ஒரு ஃபைலை மட்டும் 64 ஃப்ளாக் இல்லாம கம்பைல் பண்ணுங்க, அவங்க ஹெடரை அது மட்டும் தான் இன்க்ளூட் பண்ணணும், உங்க லாக் ஹெடர் அதுக்குள்ள வரவே கூடாது. கால்பேக்கை அது வாங்கி, செகண்டையும் மைக்ரோசெகண்டையும் தனித்தனி 64 பிட் இன்டிஜரா உங்க பக்கம் தள்ளி விடணும், ஸ்ட்ரக்ட் எதுவும் எல்லை தாண்டக் கூடாது. மேக்ஃபைல்ல அந்த ஃபைலுக்கு தனி ரூல், மேல நாலு வரி கமென்ட் எழுதி வைங்க, இல்லன்னா அடுத்த வருஷம் யாராவது வந்து "இதுல மட்டும் ஏன் ஃப்ளாக் இல்ல"ன்னு அக்கறையா சேர்த்து விட்டுடுவாங்க.

நள்ளிரவு_பில்ட்:
அந்த யாராவது பெரும்பாலும் நானாத்தான் இருப்பேன், எழுதி வெச்சுடறேன். டைட்டில்ல "தீர்ந்தது"ன்னு சேர்க்கணும், எடிட் பட்டன் எங்க இருக்கு?

ஓரமா_ஒருத்தன்:
மேல வலது பக்கம், மூணு புள்ளி. நான் இப்ப எங்க ப்ராஜெக்ட்ல லாக் ஃபைலைத் திறந்து பாத்தேன், புள்ளிக்கு அப்புறம் ஒம்போது பூஜ்யம். புது இழை போட்டுட்டு வர்றேன்.